இரண்டாவது கயிறு

கீழே நின்று கயிறு பிடித்த ஆள் வேலையை விட்டுப் போனதும், அந்த இடத்தில் மருமகள் வந்து நின்றதும், அதற்காக மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் முதன்முதலாகப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு நாலு வார்த்தை.

வீடுகளை ஒட்டி நிற்கும் மரங்களைக் கழித்துக் கொடுப்பதும், ஆபத்தாகிவிட்ட மரங்களை மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கிக் கொடுப்பதும் இந்தக் குடும்பத்தின் தொழில். ஏறுகிறவன் மகன். தெருவே அவனை மரங்கொத்தி என்றுதான் கூப்பிடும். அவன் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே துணி தைத்துச் சம்பாதித்தவள். அதனால் மாமியார் வாயில் அவள் 'தையல்காரி'. அந்தப் பெயரில் பாசம் எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அன்று காலை வண்டியின் முன் இருக்கையில் மூன்று பேர். ஓட்டுகிற மரங்கொத்தி, ஜன்னலோரம் தையல்காரி, நடுவில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு மாமியார். வேலை நடக்கிற இடத்துக்கு மாமியார் வருவது இதுவே முதல் தடவை. வேலையைப் பார்க்கும் ஆசையில் வரவில்லை. போகிற இடம் அவருடைய மூத்த மகள் வீடு.

அந்த வீட்டின் பின்பக்கம் நின்ற தைலமரம், போன வாரம் அடித்த காற்றில் விரிசல் விட்டிருந்தது. கூரைக்கு மேலே மரம் இரண்டாகப் பிரிகிற கவையில், விரல் நுழைகிற அளவுக்குப் பிளவு. இரண்டு கிளைகளில் ஒன்று நேராகச் சமையலறைக்கு மேல் சாய்ந்து கிடந்தது. மகளின் கணவர் வெளியூர் வேலையில். அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்து நிற்பாள். பால் தினமும் பொங்கி வழிந்தது.

"ஏன்டா, கயிறு பிடிக்க வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" மாமியார் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கேட்டுப் பார்த்தேம்மா. காத்தடிச்சதுக்கப்புறம் எல்லாரும் எங்கெங்கேயோ வேலையில மாட்டிக்கிட்டாங்க."

"மாட்டிக்காத ஆளு நம்ம வீட்லதான் இருந்தாளாக்கும்."

தையல்காரி முன்னால் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி ஒரு வேகத்தடை தெரிந்தது.

"அத்தை, வண்டி குதிக்கும். பிடிச்சுக்குங்க."

மாமியார் பிடித்துக்கொள்ளவில்லை. மருமகள் சொல்லிப் பிடித்துக்கொள்வதாவது. வண்டி குதித்தது. உச்சந்தலை கூரையில் 'ணங்'கென்று இடித்தது. மரங்கொத்தி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

*

நாத்தனார் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தம்பி பெண்டாட்டியின் தலையில் ஹெல்மெட்டைப் பார்த்ததும் இன்னும் மலர்ந்தது.

"வாடி வாடி! இந்தத் தொப்பி உனக்கு எடுப்பா இருக்கு. என் வீட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கிக் குடு, நான் திட்டுறப்ப போட்டுக்கட்டும்."

"அண்ணி, நீங்களும் அத்தையும் அந்தச் செவுரு தாண்டி இங்க வரக் கூடாது. மேல வேலை நடக்கிற வரைக்கும் சமையல்கட்டுக்குள்ளயும் போகாதீங்க."

"உத்தரவு மகாராணி."

மாமியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, சொன்ன சுவருக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்தார். மருமகள் சொன்னாள் என்பதற்காக இல்லை, அங்கே நிழல் இருந்தது என்பதற்காக.

மரங்கொத்தி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். அடியைத் தட்டிப் பார்த்தான், கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தான். பிறகு மெல்லிய நூலில் கட்டிய மண்பையைச் சுழற்றி மேலே எறிந்தான். அது நல்ல கிளையின் உச்சிக் கவையைத் தாண்டி இந்தப் பக்கம் விழுந்தது. அந்த நூலோடு இணைத்து ஏறுகிற கயிற்றை மேலே இழுத்தான். அதே மாதிரி இன்னொரு கயிற்றையும் இழுத்து, பக்கத்திலேயே தொங்கவிட்டான்.

"ஒருத்தன் ஏற எதுக்குடா ரெண்டு கயிறு?"

"ஒண்ணு நான் ஏறுறதுக்கும்மா. இன்னொண்ணு, மேல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாராவது வந்து எறக்குறதுக்கு."

"நல்ல நாளும் அதுவுமா வாய்ல வர்ற வார்த்தையைப் பாரு! யாரு வருவாங்களாம்?"

அவன் இடுப்புப் பெல்ட்டை இறுக்கினான். தையல்காரிக்குத் திடீரென்று வண்டியில் ஏதோ எடுக்க வேண்டியிருந்தது. போய்விட்டாள்.

மாமியாருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. சாயங்காலமானால் புருஷனும் பெண்டாட்டியும் 'காத்து வாங்கிட்டு வர்றோம்' என்று கிளம்புவார்களே, அவர்கள் போனது காற்று வாங்க இல்லை. வண்டி நிறுத்துகிற காலி மனையில் ஒரு பழைய மரம் நின்றது. அதில்தான் அவன் அவளுக்கு ஏறக் கற்றுக்கொடுத்தான். ஏறுவதை மட்டுமில்லை. தானே மேலே மயங்கினவன் மாதிரி தொங்குவான். அவள் ஏறி வந்து தன் பெல்ட்டோடு அவனைக் கோர்த்து இறக்க வேண்டும். "பாதுகாப்புன்னா ஏறத் தெரிஞ்ச ஆளு ரெண்டு பேர் இருக்கணும்" என்பான். முதல் தடவை அவள் பாதியிலேயே அழுதுவிட்டாள். பழகின பிறகு, மயங்கினவன் கண்ணடித்தால் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

*

வேலை நன்றாகவே ஆரம்பித்தது.

மரங்கொத்தி நல்ல கிளையில் ஏறி, உயரமான இடத்தில் கப்பியைக் கட்டினான். சாய்ந்த கிளையில் ஒரு கயிற்றைக் கட்டிக் கப்பி வழியாகக் கீழே விட்டான். தையல்காரி அதை அடிமரத்தில் சில சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டாள். மேலே அவன் ஒரு கொம்பை அறுப்பான். அது விழாமல் கயிற்றில் தொங்கும். கீழே அவள் கொஞ்சம் கொஞ்சமாக விட, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி அது தரையில் வந்து படுக்கும்.

ஒரு பெரிய கொம்பு கொடியில் காய்ந்த சட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல் இறங்கியது.

"பாத்தியாம்மா?" என்றாள் நாத்தனார். "சட்டை மேல ஒரு இலை படல."

"சட்டைய முதல்லயே எடுத்து வெச்சிருக்கலாம்" என்றார் மாமியார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கண் மேலே இருக்கிற மகனிடம் இருந்ததை விட, கீழே கயிற்றைப் பிடித்திருந்த கைகளிடம்தான் அதிக நேரம் இருந்தது.

சிறு கொம்புகள் எல்லாம் இறங்கிவிட்டன. மிச்சம் இருந்தது மொட்டையாக நின்ற சாய்ந்த கிளை. அதைக் கவையோரமே அறுக்க முடியாது. பிளவுக்கு மேலே பாதியை முதலில் எடுக்க வேண்டும். மரங்கொத்தி இடம் பார்த்துக் கட்டினான். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். ரம்பத்தைக் கிளப்பினான்.

வெளியே பார்க்கக் கல் மாதிரி இருந்த அந்தக் கிளை உள்ளே உளுத்திருந்தது. தட்டிப் பார்த்தபோதும் காட்டிக்கொடுக்கவில்லை. பாதி அறுப்பதற்குள் 'படார்' என்ற சத்தம். அறுத்த இடத்தை விட்டுவிட்டுப் பிளவு வழியாகக் கிளை கிழிந்தது. வெளிப்பக்கம் விழவேண்டியது உள்பக்கம் சுழன்று வந்து, அவன் இடது தோளை நல்ல கிளையோடு வைத்து நசுக்கி நின்றது.

ரம்பம் அவன் கையிலிருந்து நழுவி, அதன் வாரில் தொங்கியது. சத்தம் நின்றது.

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்ததே யாருக்கும் தெரியாது. அவர் போட்ட கூச்சல் மட்டும் அடுத்த தெரு வரைக்கும் கேட்டது.

கீழே கயிறு 'சர்'ரென்று ஓடி, சுற்றில் இறுகி நின்றது. தையல்காரி இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"என்னங்க!"

மரத்தூள் மட்டும் மிதந்து இறங்கியது.

"என்னங்க! பேசுங்க!"

"இருக்கேன்..." குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கயித்த விட்டுடாதே. விட்டா மொத்தமும் என் மேல வரும்."

*

நாத்தனார் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதாள். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டதாம். ஆனால் காற்றில் விழுந்த மரங்கள் பாதி ரோட்டில் இன்னும் கிடக்கின்றன, சுற்றித்தான் வர வேண்டுமாம்.

"எவ்வளவு நேரம் ஆகும்னு கேளுங்க அண்ணி!"

"தெரியாதாம்டி... சொல்ல முடியாதாம்..."

தையல்காரி அண்ணாந்து பார்த்தாள். அவன் கால்கள் அசையாமல் தொங்கின. பெல்ட்டில் அப்படியே தொங்கினால் கால் மரத்துப்போகும், பிறகு மயக்கம் வரும், அதற்குப் பிறகு நேரமே இல்லை என்று அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"காலை ஆட்டுங்க! கேக்குதா? காலை ஆட்டிக்கிட்டே இருங்க!"

ஒரு கால் மட்டும் மெதுவாக அசைந்தது.

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, இங்க வாங்க."

மாமியார் சுவரைத் தாண்டி ஓடிவந்தார்.

"இந்த நுனியப் பிடிங்க. பயப்படாதீங்க. பாரம் மரத்துச் சுத்துல இருக்கு. நீங்க விடாம இருந்தா போதும். நான் 'இழுங்க'ன்னு சொன்னா, அண்ணி கப்பியிலேருந்து வர்ற பக்கம் தொங்கி இழுப்பாங்க. கிளை கொஞ்சம் தூக்கும். அப்ப வர்ற தொய்வ நீங்க உடனே சுத்தி இறுக்கிடணும். 'நிறுத்துங்க'ன்னா அசையக் கூடாது. நான் சொல்லாம விடக் கூடாது. யாரு சொன்னாலும் விடக் கூடாது."

"நீ எங்க போறே?"

"மேல."

மாமியார் அவளைப் பார்த்தார். பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"உனக்கு ஏறத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"யாரு..." என்று ஆரம்பித்தவருக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. "காத்து வாங்கப் போனீங்களே, தினம்..."

"ஆமா அத்தை."

வேறு நாளாக இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு வாரம் வீடு ரெண்டுபட்டிருக்கும். மாமியார் கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டார். தையல்காரி தன் கையுறையைக் கழற்றப் போனாள்.

"அது உனக்கு வேணும். போட்டுக்கிட்டு ஏறு. போ."

*

பழைய மரத்தில் ஏறியதும் இதுவும் ஒன்றில்லை. அங்கே கால் நடுங்கினால் கீழே அவன் நின்று, "மெதுவா, மெதுவா, யாரும் துரத்தல" என்பான். இங்கே அவனே மேலே.

இடுப்புப் பெல்ட்டைக் கட்டிக் கயிற்றில் கோர்த்துக்கொண்டாள். காலை வளையத்தில் ஊன்று. எழு. முடிச்சைத் தள்ளு. உட்கார். மறுபடி ஊன்று. அவள் கீழே பார்க்கவில்லை. கூரை ஓடுகள் தலைக்கு நேரே வந்தன, இடுப்புக்கு வந்தன, காலடிக்குப் போயின.

அவன் முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. அவளைப் பார்த்ததும் உதடு அசைந்தது.

"டெய்லரம்மா... ஹெல்மெட் வாரு போட்டியா?"

"போட்டேன். வாய மூடுங்க."

அவள் குட்டை வாரை எடுத்து அவன் பெல்ட்டைத் தன் பெல்ட்டோடு கோர்த்தாள். கொக்கி மூடியதா என்று இழுத்துப் பார்த்தாள். ரம்பத்தைத் தன் பக்கம் மாட்டிக்கொண்டாள். ஊசியில் நூல் கோர்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது அவள் பழக்கம். அப்போதும் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது, கத்துவதற்கு வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

"அண்ணி, இழுங்க!"

கயிறு விறைத்தது. கிளை அசையவில்லை.

"இன்னும்! தொங்குங்க!"

கப்பி கிரீச்சிட்டது. கிளை மயிரிழை நகர்ந்தது. அவன் பல்லைக் கடித்தான். அவள் முதுகை நல்ல கிளையில் முட்டுக்கொடுத்து, இரண்டு காலையும் அந்தக் கட்டையில் வைத்து உதைத்தாள்.

"அத்தை, சுத்துங்க! அண்ணி, திரும்பவும்!"

நாத்தனார் கயிற்றோடு மண்ணில் உட்கார்ந்தே விட்டாள். கிளை விரலளவு தூக்கியது. தோள் வெளியே வந்தது. அப்போது அவன் போட்ட அலறல் கீழே நின்ற தாய் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கயிறு ஒரு நூல் கூடத் தளரவில்லை.

"நிறுத்துங்க! அப்படியே பிடிங்க! நாங்க எறங்குறோம்!"

அவன் முடிச்சைக் கொஞ்சம், தன் முடிச்சைக் கொஞ்சம் என்று அவள் மாற்றி மாற்றித் தளர்த்தினாள். இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். அவன் தலை அவள் தோளில் கிடந்தது. கூரை விளிம்புக்கு வந்தபோது மேலே மறுபடி ஒரு 'சடக்'. கிளையின் கடைசி நாரும் அறுந்து, மொத்தப் பாரமும் கயிற்றில் விழுந்தது. அடிமரத்துச் சுற்றுகள் வழுக்கின. கயிறு மாமியாரின் வெறும் உள்ளங்கைகளுக்குள் ஓடியது.

கிளை சரியாக அவர்கள் தலைக்கு மேலே இறங்கி வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

மாமியார் விடவில்லை.

*

பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவு ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து அவனைப் படுக்க வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குப் பின்னாலேயே தீயணைப்புக்காரர்களும் வந்தார்கள். வந்தவர்கள் கண் முதலில் போனது தொங்கிய கிளையிடம். இரண்டு பேர் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து அடிமரத்தில் பத்திரமாகக் கட்டினார்கள்.

"அம்மா, கட்டியாச்சு. நீங்க விடலாம்."

மாமியார் அசையவில்லை.

"அம்மா, விடுங்க. கையப் பாருங்க, ரத்தம் வருது."

"என் மருமக சொல்லட்டும்."

ஆம்புலன்சுக்குள் ஒரு காலை வைத்திருந்த தையல்காரி இறங்கி ஓடிவந்தாள். ஹெல்மெட்டைக்கூட அவள் இன்னும் கழற்றவில்லை. மாமியாருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அத்தை. எறங்கிட்டோம். ரெண்டு பேரும் எறங்கிட்டோம்."

அப்போதுதான் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

*

தோளோரக் காறை எலும்பு உடைந்திருந்தது, விலா எலும்பிலும் விரிசல். நுரையீரலுக்கு ஒன்றும் இல்லை. "இன்னும் கொஞ்ச நேரம் மேலயே தொங்கியிருந்தா நாம வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்போம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். கால் அசைகிறது, கை விரல் அசைகிறது. நர்ஸ் வந்து ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னபோது தையல்காரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், பரீட்சை எழுதுவது அவள்தான் என்பது போல.

சாயங்கால வெயில் வார்டின் தரையில் கட்டம் கட்டமாக விழுந்தது. மரங்கொத்தி மருந்து மயக்கத்தில் கண்ணை மூடியிருந்தான். கட்டிலுக்கு இந்தப் பக்கம் மாமியார். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரைக்கும் கட்டு. அவர் மடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட், பக்கத்தில் ஒரு டம்ளர் டீ. இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தையல்காரி ஒரு பிஸ்கட்டை டீயில் நனைத்து நீட்டினாள்.

மாமியார் அதைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் நனைக்கணும்."

"சரி அத்தை."

"ரொம்ப நனைச்சா உள்ள விழுந்துடும்."

"சரி அத்தை."

பாதி பாக்கெட் காலியானது. சொந்த வீட்டு மனுஷர்களிடம் நன்றி என்கிற வார்த்தையைச் சொன்னால் ஏதோ அந்நியப்பட்டுப் போன மாதிரி நமக்கு இருக்கும். மாமியாருக்கும் அந்த வார்த்தை வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"சின்ன வயசுல இவன் மாடிக் கைப்பிடிச் சுவர் மேல ஏறி நிப்பான். நான் கீழ நின்னு 'எறங்குடா, எறங்குடா'ன்னு கத்துவேன். வளர்ந்து மரத்துல ஏறினான். அப்பவும் கத்தினேன். இவன எறக்க எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கத்துறது ஒண்ணுதான். நீ ஏறிப் போய்க் கூட்டிக்கிட்டு வந்துட்டே."

தையல்காரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கயிறு பிடிக்கப் போறேன்னு நீ சொன்னப்ப நான் என்னென்னவோ பேசினேன். மருமக மண்ணுல நின்னா மத்தவங்க என்ன சொல்வாங்கன்னு கேட்டேன். அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஒருத்தனுக்காக வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அது ரெண்டு பேருக்குன்னு ஆகிடுமேன்னு பயம். அதச் சொல்லத் தெரியல. திட்டத்தான் தெரிஞ்சுது."

"நீங்க கயித்த விட்டிருந்தா நாங்க ரெண்டு பேருமே இல்ல அத்தை. கூரைக்கிட்ட வர்றப்ப அது எங்க தலைக்கு நேரா வந்துச்சு. நின்னுடுச்சு. நான் கண்ண மூடிட்டேன். தொறந்தா, நீங்க பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"நீதானே சொல்லாம விடக்கூடாதுன்னே."

அவ்வளவுதான், தையல்காரி உடைந்துவிட்டாள். மேலே ஏறும்போது வராத அழுகை, இறங்கும்போது வராத அழுகை, ஆஸ்பத்திரி பெஞ்சில் பிஸ்கட் தூளோடு வந்தது. மாமியாருக்கு அணைத்துக்கொள்ளக் கை இல்லை. கட்டுப் போட்ட இரண்டு கையையும் தூக்கி அவள் தலைமேல் வைத்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்து அழுறதுக்கு நான் எலும்ப ஒடைச்சுக்கணுமா?"

மரங்கொத்தி கண்ணைத் திறந்திருந்தான். எப்போதிருந்து கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை.

"பேசாதடா, விலா வலிக்கும்" என்றார் மாமியார்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரியின் போன் அடித்தது. நாத்தனார். துணிமணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள்.

"இங்க காத்து எழும்பிடுச்சுடி. கட்டி வெச்ச கிளை ஊஞ்சல் மாதிரி ஆடுது. சமையல்கட்டுச் செவுத்துல ஒரு தரம் இடிச்சிடுச்சு. நான் பக்கத்து வீட்ல வந்து உக்காந்துட்டேன். தீயணைப்புக்காரங்க அப்பவே வேற எடத்துக்குப் போயிட்டாங்க. போன் போட்டா, வீட்டுக்குள்ள ஆளுங்க யாரும் இல்லையே, இருட்டுறதுக்குள்ள முடிஞ்சா வர்றோம்னு சொல்றாங்க. நீ யாரையாவது கேளு."

"நீங்க அங்கேயே இருங்க அண்ணி. அடிமரத்துப் பக்கம் யாரையும் போகவிடாதீங்க." அவள் போனை வைத்தாள். "அந்தக் கிளைய இனிமே விட்டுவைக்க முடியாதுங்க. கயிறு எல்லாம் கட்டினபடியே இருக்கு. மேல ஏறவே வேண்டாம். கீழ நின்னு விட்டா போதும். ரெண்டு ஆளு இருந்தா..."

"கூடாது."

அவன் சொன்ன விதத்தில் பக்கத்துக் கட்டில்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க..."

"சொல்லிக்குடுத்தேன். இன்னைக்கு நீ ஏறி வர்றத மேல இருந்து பார்த்தேன். ஒவ்வொரு அடியும் பார்த்தேன். உன் கால் நடுங்கினது எனக்குத் தெரிஞ்சுது. நான் ஒண்ணும் பண்ண முடியாம தொங்கிக்கிட்டு இருந்தேன். இத்தனை வருஷம் அம்மா கீழ நின்னு எப்படிப் பார்த்திருப்பாங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." அவன் மூச்சு வாங்கினான். "போதும்மா. நான் இனிமே ஏறல. இவளும் ஏற வேண்டாம். வண்டிய குடுத்துடலாம். இந்தத் தொழிலே வேண்டாம்."

இந்த வார்த்தையைக் கேட்பதற்காக மாமியார் எத்தனையோ வருஷம் வேண்டாத தெய்வம் இல்லை. சாப்பாட்டில் கேட்டார், சண்டையில் கேட்டார், காய்ச்சலில் படுத்துக்கொண்டு கேட்டார். அது இன்று தானாக வந்து எதிரே நின்றது.

அவர் சந்தோஷப்படவில்லை. மகன் முகத்தை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா சொல்றே?"

அந்தக் குடும்பத்தில் தொழிலைப் பற்றிய ஒரு கேள்வி அவளிடம் கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அவள் மாமியாரைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, கெஞ்சல். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி வளாகத்து மரங்கள் ஒரே பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தன.

தையல்காரி மடியில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"முதல்ல அந்தக் கிளைய எறக்கிட்டு வர்றேன் அத்தை. மத்தத வந்து பேசுவோம்."